வாங்காத கடனை அடைக்காதீர்கள்

கேள்வி: ஐயா, நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பதினோரு வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு சிறிய வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தமும் எழுதிவிட்டோம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, எனக்கு சிபில் ஸ்கோர் 583 என்று சொல்லி மேலாளர் கோப்பை மூடிவிட்டார். நான் இதுவரை வாங்கியது ஒரே ஒரு நகைக் கடன். அதையும் திருப்பிவிட்டேன். அறிக்கையை வாங்கிப் பார்த்தால் ஐந்து மாதத்துக்கு முன்பு என் பெயரில் இரண்டு கடன்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று செயலி வழியாக 60,000 ரூபாய் தனிநபர் கடன். இன்னொன்று கடையில் தவணைக்கு வாங்கிய கைபேசி, 21,990 ரூபாய். இரண்டிலும் முதல் இரண்டு தவணை கட்டப்பட்டிருக்கிறது, பிறகு இல்லை. வசூல்காரர்கள் பள்ளித் தொலைபேசிக்கே அழைக்கிறார்கள்.

வெளியே சொல்லக் கூசும் விஷயம் ஒன்றும் உண்டு. அறிக்கையில் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கைபேசி எண் இருக்கிறது. அது என் அக்காள் மகன் முன்பு வைத்திருந்த எண் போலத் தெரிகிறது. 2023-ல் பான் அட்டையையும் ஆதாரையும் இணைத்துக் கொடுத்தவன் அவன்தான். என் அண்ணன், "போலீஸுக்குப் போனால் குடும்பம் உடையும். பேரம் பேசி ஐம்பதாயிரத்தில் முடித்துவிடு, பெயர் சுத்தமாகிவிடும்" என்கிறார். வசூல்காரர்களும் அதையே சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்? பெயர் வேண்டாம்.

பதில்: சகோதரி, உங்கள் அண்ணன் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்களுக்கு இதுவரை கிடைத்த யோசனைகளிலேயே அதிக விலையுள்ளது அதுதான். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். "நல்லெண்ணத்துக்காக ஐந்நூறு ரூபாய் போடுங்கள், வட்டியை நிறுத்திவிடுகிறோம்" என்பார்கள். அதற்கும் இணங்க வேண்டாம்.

காரணம் இது. கடன் அறிக்கையில் ஒரு கடன் முடிவதற்குப் பல வழிகள் உண்டு. முழுவதும் கட்டினால் 'குளோஸ்டு' என்று வரும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். பெயரைக் கேட்டால் சமாதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் கொடுக்க உட்கார்ந்திருப்பவர் அதை 'இவர் முழுப் பணத்தையும் தரவில்லை' என்றுதான் படிப்பார். அந்தத் தகவலைக் கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்கும். ஐம்பதாயிரத்தையும் கொடுத்து, ஏழு ஆண்டுக்கு ஒரு கறையையும் வாங்கிக்கொள்வீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டிய அந்த நிமிடமே கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். பிறகு 'நான் வாங்கவில்லை' என்று எழுதினால், 'வாங்காதவர் எதற்குக் கட்டினார்?' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள்.

உங்களுக்கு வேண்டியது கடன் முடிவதல்ல, அந்தப் பதிவே நீங்குவது. 'இந்தக் கணக்கு இவருடையது அல்ல' என்று கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டு, அந்த வரியே அறிக்கையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் 'நீக்குக' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். 'முடித்துக் கொடுங்கள்', 'சரிசெய்து கொடுங்கள்' என்று எழுதினால், அவர்களுக்கு வசதியான பொருளை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இனி வேலை. இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மற்றவை நாலு நாள் பொறுக்கும், இது பொறுக்காது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்க்கலாம். ஆனால் அது கடைசி ஆறு மாதத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். உங்கள் கடன்கள் எடுக்கப்பட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் சில வாரத்தில் அந்தத் தடம் உங்கள் கண்ணுக்குக் கிடைக்காது. கடன் தொடங்கிய தேதிகளை ஒட்டி என்ன சரிபார்ப்பு நடந்தது, ஓடிபி மூலமா, கைரேகை மூலமா, எந்த நிறுவனம் கேட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவிறக்கி, அச்செடுத்து, தேதி போட்டு வையுங்கள்.

அப்போதே உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் உங்கள் கைபேசிக்கு ஓடிபி வந்ததா? யாராவது கேட்டுச் சொன்னீர்களா? கைபேசியைக் கொஞ்ச நேரம் யாரிடமாவது கொடுத்தீர்களா? சொல்லியிருந்தால் அதை மறைக்காதீர்கள். மறைத்துப் புகார் கொடுத்துவிட்டு, நிறுவனம் பதிவை எடுத்துக் காட்டும்போது முழிப்பதுதான் இத்தகைய புகார்கள் படுத்துக்கொள்ள முதல் காரணம். ஏமாந்து சொன்னதாக எழுதலாம், அதில் வெட்கம் இல்லை. சொல்லவே இல்லை என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டால் அதன்பின் எழுதுவது எதையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, அறிக்கைகள். நம் ஊரில் 'சிபில்' என்பது கடன் மதிப்பெண்ணுக்கே பெயராகிவிட்டது, நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பதுபோல. உண்மையில் இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நீங்கள் பார்த்தது ஒன்று. மற்ற மூன்றிலும் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றில் மட்டும் துடைத்துவிட்டால், அடுத்த வங்கி வேறொன்றைத் திறந்து பார்க்கும்போது அதே பூதம் கிளம்பும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

கையில் வந்ததும் எண்ணைப் பார்க்காதீர்கள். 300 முதல் 900 வரையுள்ள அளவுகோலில் 583 என்பது காய்ச்சல் மானி காட்டும் அளவு மாதிரி. நோய் எதுவென்று அது சொல்லாது. உள்ளே போங்கள். உங்கள் முகவரிகள், கைபேசி எண்கள், மின்னஞ்சல்கள் உள்ள பகுதியில் உங்களுக்குச் சொந்தமில்லாத ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். பிறகு விசாரணைகள் பகுதி, அதாவது யார் யார் எந்தத் தேதியில் எந்தக் கடனுக்காக உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்ற பட்டியல். பலர் இதைப் புரட்டாமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் முதல் பக்கம். உங்கள் பெயரில் கடன் முயன்று கிடைக்காமல் போன இடங்களும் அங்கே இருக்கும். இரண்டு கடன் கிடைத்ததென்றால் நாலைந்து இடத்தில் கதவைத் தட்டியிருப்பார்கள். அந்த விசாரணைகளையும் நீக்கச் சொல்ல வேண்டும்.

இது திருட்டா, குழப்பமா என்ற சந்தேகத்தையும் ஒரு முறை தீர்த்துக்கொள்ளலாம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, ஓர் எழுத்து இனிஷியலோடு சரி. ஒரே ஊரில் ஒரே இனிஷியலும் ஒரே பெயரும் உள்ள இருவரின் கடன்கள் ஒருவர் தலையில் வந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தர் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்ததில் வந்த வினை அது. உங்கள் விஷயத்தில் இரண்டு கடன்கள், ஒரே காலம், ஒரே அந்நிய எண். குழப்பம் இப்படி வராது.

நீங்கள் தனி ஆளும் இல்லை. 2022 பிப்ரவரியில், தங்கள் பான் எண்ணில் யாரோ சிறு கடன் வாங்கியிருப்பதாக நாடெங்கும் பலர் ஒரே நேரத்தில் ட்விட்டரில் புகார் சொன்னார்கள். நடிகை சன்னி லியோனியும் அவர்களில் ஒருவர். அவர் பெயரில் எடுக்கப்பட்டது இரண்டாயிரம் ரூபாய். நாடறிந்த முகத்துக்கே அந்த நிலை.

இப்போது அக்காள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் அதிகம் தயங்கி எழுதியிருப்பது இதைத்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியது கைபேசி எண்ணல்ல, அந்த இரண்டு தவணைகள். கும்பலாக இதைத் தொழிலாகச் செய்பவர்கள் தவணை கட்டுவதை நான் பார்த்ததில்லை. பணம் வந்த நாளே காணாமல் போய்விடுவார்கள். இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்துபவர் பெரும்பாலும், 'எப்படியும் கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது' என்று நினைத்துத் தொடங்கிய, தெரிந்த வட்டாரத்து ஆள். என் அனுபவம் அப்படிச் சொல்கிறது. ஆனால் அனுபவம் சாட்சியல்ல. நீங்களே 'முன்பு வைத்திருந்த எண்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பயன்பாடில்லாமல் போன கைபேசி எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சில மாத இடைவெளிக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்த எண் இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனவே அவனைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள், அக்காளிடமும் இப்போது பேச வேண்டாம். அவன் செய்திருக்காவிட்டால் அந்தக் காயம் ஆறாது. செய்திருந்தால் முதல் காரியமாகத் தன் கைபேசியைத் துடைப்பான். காகிதங்கள் வரட்டும், அதன் பிறகு பேசலாம்.

அண்ணன் சொல்லும் குடும்ப வழியையும் நான் உதறித் தள்ளவில்லை. அவன்தான் என்று தெரிந்து, அக்காள் நகையை விற்று முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் அறிக்கையில் அந்த இரண்டு கடன்களும் உங்கள் கடன்களாகத்தான் இருக்கும், மூன்று மாதத் தவணை தவறிய தழும்போடு. முடிந்தது என்று வரும், நீங்காது. நீக்க வேண்டுமென்றால் 'இது மோசடி' என்று நிறுவனம் ஏற்க வேண்டும். மோசடி என்று ஏற்க, அவர்கள் கேட்கும் முதல் காகிதம் காவல்துறையில் புகார் கொடுத்ததற்கான ஆதாரம். ஆக, காவல் நிலையம் போகாமல் கறையையும் எடுக்க ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டீர்களானால், எனக்குத் தெரிந்து இல்லை. எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். என்னைக் கேட்டால், புகார் கொடுங்கள் என்பேன். பதினோரு வருடச் சேமிப்பு அக்காள் மகனுடையதல்ல, உங்களுடையது.

புகாரில் அவன் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. தெரிந்ததை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். 'என் அறிக்கையில் இந்த எண் இருக்கிறது, இது என் எண் அல்ல, இன்ன தேதியில் இன்ன கடன்கள் என் அனுமதியின்றி எடுக்கப்பட்டுள்ளன, நான் இந்தத் தேதியில்தான் அறிந்தேன்' என்ற அளவு போதும். விசாரிப்பவர் கேட்டால், எண் யாருடையதாக இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பொய் சொல்லாதீர்கள்.

எங்கே கொடுப்பது? தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம், 1930 என்ற எண்ணிலும் சொல்லலாம். பணம் கைமாறிய உடனே அழைத்தால்தான் 1930-க்கு முழுப் பலன். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. எனவே இணையதளத்தில் பதிந்து, அதன் நகலோடு மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கு நேரில் போங்கள். அங்கே பெரும்பாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் முதல் தகவல் அறிக்கை கிடைத்தால் அதன் எடையே வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு ஒருவருடைய அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 66டி பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது. இரண்டையும் மனுவில் குறிப்பிடுங்கள். பதிய மறுத்தால், மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பச் சட்டமே வழி வைத்திருக்கிறது. தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது கடன் கொடுத்த இரு நிறுவனங்கள். இந்தக் கடிதம்தான் வழக்கின் இதயம், இதில் நேரம் செலவழியுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கதை சொல்வதில் பயனில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும், அவருக்கு எழுதுங்கள். 'நான் வாங்கவில்லை' என்று மட்டும் எழுதினால், 'எங்கள் பதிவுகளின்படி கடன் முறைப்படி வழங்கப்பட்டுள்ளது' என்ற அச்சடித்த பதில் வரும். எனவே கேள்வி கேளுங்கள். விண்ணப்பத்தின் நகல் எங்கே? பெறப்பட்ட அடையாள ஆவணங்கள் எவை? விண்ணப்பத்தின்போது எடுத்த முகப்படம் யாருடையது? ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது? ஒப்பந்தத்தில் மின்கையெழுத்து எப்படி இடப்பட்டது?

இவற்றை எல்லாம்விடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: அறுபதாயிரம் ரூபாய் எந்த வங்கிக் கணக்கில் போனது? செயலி வழியாகக் கடன் கொடுப்பவர்கள் பணத்தை நேரே கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும், இடையில் வேறு யாருடைய கணக்கிலும் போடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்தது. பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை. அப்படியானால் வேறொருவரின் கணக்கை உங்கள் கணக்கு என்று எதை வைத்து நம்பினார்கள்? இதற்கு அவர்களிடம் நல்ல பதில் இருக்காது. உங்கள் பெயரிலுள்ள எல்லா வங்கிக் கணக்குகளின் அந்த மாத அறிக்கையையும் கடிதத்தோடு இணையுங்கள்; வராத பணத்துக்கு அதைவிடச் சாட்சி கிடையாது. கட்டப்பட்ட இரண்டு தவணைகள் எந்தக் கணக்கிலிருந்து வந்தன என்றும் கேளுங்கள். கணக்கு வைத்திருப்பவரின் விவரத்தை உங்களுக்குத் தர மறுக்கலாம், காவல்துறை கேட்டால் தர வேண்டும். அக்காள் மகனா, அவனில்லையா என்பதற்கும் அந்தக் கணக்கு எண்தான் விடை.

கைபேசிக் கடனின் அமைப்பு வேறு. அங்கே பணம் கடைக்காரருக்கு நேராகப் போயிருக்கும், அதற்கு விதி இடம் கொடுக்கிறது. எனவே விலைப்பட்டியலின் நகலைக் கேளுங்கள். கைபேசியின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் அதில் இருக்கும், அதைக் காவல்துறையிடம் சேர்த்துவிடுங்கள். அந்தக் கருவியில் இப்போது எந்த சிம் ஓடுகிறது என்று தேடுவது அவர்களுக்குப் புதிய வேலையல்ல. கடையில் வாடிக்கையாளரைப் படம் எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். அன்று அந்த நேரம் நீங்கள் வகுப்பறையில் இருந்திருப்பீர்கள், வருகைப் பதிவேட்டின் நகலைத் தலைமையாசிரியரிடம் கையொப்பத்தோடு வாங்கி இணைத்துவிடுங்கள்.

அதே நாளில் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் மறுப்பு மனு போடுங்கள். இணையதளத்திலேயே போடலாம், அறிக்கையில் உள்ள கன்ட்ரோல் எண்ணைக் கேட்பார்கள். கட்டணம் இல்லை. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இந்த நிறுவனங்கள் தாமாக ஒரு வரியையும் அழிக்க மாட்டார்கள். கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால்தான் திருத்துவார்கள். நிறுவனத்துக்கு எழுதாமல் இங்கே மட்டும் மனு போட்டவர்கள், 'தகவல் சரியானதே' என்ற பதிலோடு திரும்பி வருவது அதனால்தான்.

இங்கே உங்கள் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது, பலருக்கு இன்னும் தெரியாதது. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, அடுத்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. கடன் கொடுத்தவருக்கு 21 நாள், மீதி நாட்கள் தகவல் நிறுவனத்துக்கு. யார் தாமதித்தாரோ அவர் கட்ட வேண்டும். நூறு ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் எந்தத் தாமதம் யாருடைய மேசையில் என்று கணக்கு வைக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது, வங்கிக்காரர்களுக்குப் பிடிக்காதது அதுதான். கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் எழுதிய தேதி, மனு எண், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் குறித்து வாருங்கள்.

முப்பது நாள் கடந்தும் பதில் இல்லை, அல்லது பதில் வந்தும் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம், போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. இணையத்தில் பதியலாம், செலவில்லை, வக்கீல் தேவையில்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதி, அவர்களுடைய பதிலோ, முப்பது நாள் காத்திருந்ததற்கான ஆதாரமோ இல்லாமல் போனால் மனு திரும்பிவிடும். அவசரப்பட்டு அங்கே நேரே போகிறவர்கள் இழப்பது ஒரு மாதம். காவல்துறையில் புகார் நிலுவையில் இருப்பதால் இங்கே மனு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குற்றவியல் விசாரணை இதற்குத் தடையல்ல.

வசூல்காரர்களைப் பற்றிக் கொஞ்சம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது. உங்கள் கடனைப் பற்றி உங்கள் தலைமையாசிரியரிடமோ அலுவலகப் பையனிடமோ பேசி உங்களைக் கூனிக் குறுக வைப்பதும் கூடாது. அவர்களோடு வாதாடாதீர்கள், அழாதீர்கள். 'இது மோசடிக் கடன், புகார் எண் இன்னது, எழுத்தில் பேசுங்கள்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். பள்ளிக்கு வந்த அழைப்புகளின் தேதி, நேரம், எண் ஆகியவற்றை நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் தனிப் பத்தியாகச் சேருங்கள். தலைமையாசிரியரிடம் நீங்களே முந்திச் சென்று சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டிவிடுவது நல்லது. வேறொருவர் வாயிலிருந்து கேட்பதைவிட மேல். வாட்ஸ்அப்பில் கைது வாரன்ட் என்று ஏதாவது படம் வந்தால், கடன் பாக்கிக்கு அப்படிக் கைது செய்யும் வழக்கம் நம் நாட்டில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டையையும் அடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றை நீக்குவதற்குள் இன்னொன்று முளைக்கும். ஆதாரின் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. நகல் கேட்பவர்களுக்குக் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். பான் நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். எழுத்து படத்தின் மேலேயும் ஓட வேண்டும். சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்களுடையது அல்லாத இணைப்பு இருந்தால் அங்கேயே தெரிவித்துத் துண்டிக்கச் சொல்லலாம். உங்கள் அறிக்கையை யாராவது கேட்டால் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டியது தகவல் நிறுவனத்தின் கடமை. ஆனால் அங்கே அந்நிய எண் பதிவாகியிருக்கும்வரை எச்சரிக்கை அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். எனவே தொடர்பு விவரத்தை மாற்றும் மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டுக் கடன் கிடைக்கவில்லையே என்று இன்னும் நாலு வங்கியில் விண்ணப்பிக்க மனம் துடிக்கும். வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு புது விசாரணையாகப் பதிந்து, இருக்கும் மதிப்பெண்ணையும் கீழே இழுக்கும். 'ஏழு நாளில் ஸ்கோர் ஏற்றித் தருகிறோம், எட்டாயிரம் ரூபாய்' என்று சொல்லும் முகவர்களிடமும் போகாதீர்கள். நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே மனுவைத்தான் அவர்களும் போடுவார்கள், அதற்கு உங்கள் ஆதாரையும் பானையும் மறுபடி வாங்கிக்கொள்வார்கள். பதிவு நீங்கினால் மதிப்பெண் தானாக மேலே வரும். வாங்காத கடனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உங்களிடம் இருப்பது ஒழுங்காகத் திருப்பிய ஒரு நகைக் கடன் மட்டுமே. அது மெலிந்த வரலாறுதான், கெட்ட வரலாறு அல்ல. அதைக் கொஞ்சம் தடிப்பாக்க விரும்பினால், வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கடன் அட்டை ஒன்றை வாங்கி, மாதம் மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, கெடு தேதிக்குள் முழுவதும் கட்டி வாருங்கள்.

உங்கள் மேலாளரிடம் திரும்பிப் போய், மறுப்பு மனு எண்ணையும் புகாரின் நகலையும் கொடுத்து, கோப்பை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கக் கேளுங்கள். சில மேலாளர்கள் ஒப்புக்கொள்வார்கள், கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன கிரய ஒப்பந்தம். அதில் கெடு எத்தனை மாதம் என்று எழுதவில்லை. மேலே சொன்னது எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் இரண்டு மாதம் ஆகும், ஒம்புட்ஸ்மேன் வரை போனால் அதற்கும் மேல். கெடு தாண்டினால் முன்பணத்தை இழக்க நேரலாம். வீட்டுக்காரரிடம் இந்த வாரமே விஷயத்தைச் சொல்லி நீட்டிப்புக் கேளுங்கள். அவர் 'அதெல்லாம் பார்த்துக்கலாம்மா' என்று வாய்வார்த்தை சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பத்திர எழுத்தரை வைத்து, புதிய தேதியைப் போட்டு, இரு தரப்புக் கையொப்பத்தோடு எழுத்தில் வாங்குங்கள்.